ஒரு சுல்தானும் பல சாட்சிகளும்

1463ஆம் வருஷம் வசந்தத்தின் கடைசியில் ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் போஸ்னியாவுக்குள் நுழைந்தான். அதற்குப் பத்து வருஷம் முன்பு, தன் 21ஆவது வயதில், கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தவன். போஸ்னியாவின் அரசன் ஸ்தெஃபான் தொமாஷெவிச் க்ளூச் என்ற கோட்டையில் சரணடைந்தான். சரணடைந்தால் உயிருக்குப் பயமில்லை என்று சுல்தானின் முதல் மந்திரி மஹ்மூத் பாஷா எழுதிக்கொடுத்த பத்திரம் அவன் கையில் இருந்தது. மந்திரி தன் போக்கில் கொடுத்த வாக்கு சுல்தானைக் கட்டாது என்று முகாமில் இருந்த மார்க்க அறிஞர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். யாய்ட்ஸெ நகரத்துக்கு அருகில் அரசனுடைய தலை வெட்டப்பட்டது.

அதே படையெடுப்பில், மிலோத்ராஷ் என்ற இடத்து முகாமில், ஆஞ்ஜியோ ஸ்விஸ்தோவிச் என்ற ஃப்ரான்ஸிஸ்கன் துறவி சுல்தான் முன் வந்து நின்றார். அவருக்கும் ஒரு பத்திரம் கிடைத்தது. துறவிகளையும் அவர்கள் கோவில்களையும் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது, ஓடிப்போனவர்கள் பயமில்லாமல் திரும்பி வரலாம் என்ற சாசனம். தேதி 1463 மே 28. இந்தப் பத்திரம் செல்லுபடியாயிற்று. அந்தத் துறவிகள் ஒட்டோமன் ஆட்சியின் நானூறு சொச்சம் வருஷங்களையும் அதைக் காட்டிக்காட்டியே கடந்தார்கள். அதன் பிரதி இன்றும் ஃபோய்னித்ஸா மடத்தில் இருக்கிறது. அரசனுடையவை என்று நம்பப்படும் எலும்புகள் 1888இல் தோண்டி எடுக்கப்பட்டு யாய்ட்ஸெயில் உள்ள மடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அதுவும் ஃப்ரான்ஸிஸ்கன் மடம்தான். ஒரே துறவிக் கூட்டம் ஒரு ஊரில் சுல்தான் காப்பாற்றிய வாக்கையும் இன்னொரு ஊரில் அவன் காப்பாற்றாத வாக்கையும் பத்திரப்படுத்தி வருகிறது.

இரண்டில் எது மெஹ்மெத்? இப்படிக் கேட்பது நமக்கு இயல்பாக வந்துவிடுகிறது. ஒரு மனிதனுக்கு ஒரு சுபாவம் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதன் மேல் போர்த்திய துணி என்று நினைக்கிறோம். சரித்திரப் பாடப் புத்தகம் இதற்கு இரண்டு சௌகரியமான விடைகளை வைத்திருக்கிறது. சாட்சிகள் எல்லாரும் அவரவர் பட்சத்திலிருந்து பேசுகிறார்கள், ஆகவே உண்மை என்று ஒன்றில்லை என்பது முதல் விடை. அடிபட்டவனுக்குத்தான் அடித்தவனைத் தெரியும், மற்றவன் பேச்செல்லாம் ஜால்ரா என்பது இரண்டாவது. முதல் விடையில் களைப்பு இருக்கிறது. இரண்டாவதில் ஆத்திரம் இருக்கிறது. இரண்டிலும் சாட்சியத்தைப் படித்துப் பார்க்கும் சிரமம் இல்லை.

சாட்சியங்களுக்கோ பஞ்சமில்லை. தோற்றுப்போன நகரத்தின் மொழியில், கிரேக்கத்தில், நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். இம்ப்ரோஸ் தீவின் கிரிதோவுலோஸ், லெஸ்போஸ் தீவின் ஜெனோவாப் பிரபுக்களிடம் வேலை பார்த்த தூகாஸ், ஆதென்ஸ்காரர் ஹல்கொகொண்டிலெஸ், கடைசிச் சக்கரவர்த்தியின் அந்தரங்க நண்பராக இருந்த ஸ்ஃப்ராண்ட்ஸெஸ். ஆங்கில இலக்கியம் படித்த நம்மில் பலருக்கு அந்த நகரம் யேட்ஸ் மூலம் வந்து சேர்ந்த ஒரு பெயர். தங்கமும் மொஸைக்குமாக மனசில் உறைந்து நிற்கும் சமாச்சாரம். இந்த நான்கு பேரைப் படித்தால் அந்தத் தங்கம் உதிர்ந்துவிடும்.

கிரிதோவுலோஸும் தூகாஸும் ஒரே சம்பவத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். நகரம் விழுந்து சில நாட்களில், சக்கரவர்த்திக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்த லூகாஸ் நொதாராஸ் கொல்லப்பட்டார். அவருடைய பிள்ளையும் மருமகனும்கூட. லத்தீன் பாதிரியின் தொப்பியைவிடத் துருக்கியனின் தலைப்பாகை மேல் என்று சொன்னதாகப் பெயர் வாங்கியவர் இந்த நொதாராஸ். அப்படிச் சொன்னதாக நமக்குச் சொல்வதும் தூகாஸ்தான். தூகாஸ் தரும் காரணம்: சுல்தான் ஒரு விருந்தின் நடுவில் நொதாராஸின் இளைய மகனை அனுப்பச் சொல்லி ஆளனுப்பினான், எதற்கு என்று தகப்பனுக்குப் புரிந்தது, மறுத்தார், தலை போயிற்று. கிரிதோவுலோஸ் தரும் காரணம் வேறு. சுல்தான் நொதாராஸை நகரத்தின் பொறுப்பில் வைக்க உத்தேசித்திருந்தான், பொறாமை கொண்ட சில பெரிய மனிதர்கள் அவன் மனசைக் கலைத்தார்கள், பிற்பாடு விஷயம் தெரிந்து வருந்தி அந்த ஆலோசகர்களைத் தண்டித்தான் என்கிறார்.

இந்த இரண்டில் எது நடந்தது என்று தீர்ப்பளிப்பது என் வேலை இல்லை. நான் கவனிப்பது வேறு. இரண்டு பேருக்குமே ஒரு முழு மனிதன் தேவைப்படுகிறான். கிரிதோவுலோஸின் மெஹ்மெத் அலெக்ஸாண்டரின் வரிசையில் வருகிறவன், தத்துவம் படிப்பவன், ட்ராய் நகரத்து இடிபாடுகளுக்குப் போய் நின்று, ஆசியாவுக்கு அன்று செய்யப்பட்டதற்குத் தான் பழிதீர்த்துவிட்டதாகச் சொல்கிறவன். அப்படிப்பட்டவன் கைதியான ஒரு கிழவரைக் கொன்றான் என்றால் அந்தச் சித்திரத்தில் விரிசல் விழும். ஆகவே செயலைக் கழற்றி ஆலோசகர்கள் தலையில் வைக்க வேண்டியிருக்கிறது. தூகாஸின் மெஹ்மெத் அந்திக்கிறிஸ்துவுக்கு முன் வரும் அந்திக்கிறிஸ்து. அவன் செய்யும் நல்லதெல்லாம் தந்திரம், கெட்டதெல்லாம் சுபாவம். ஒருவர் வெளுக்கிறார், ஒருவர் கரி பூசுகிறார், ஆனால் இரண்டு பேரும் பூசுவது ஒரே சுவரின் மேல். சுபாவம் என்ற அந்தச் சுவர் இருக்கிறதா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

தூகாஸை வெறும் வெறுப்பாளர் என்று ஒதுக்குவதும் தப்பு. லெஸ்போஸின் கப்பத்தைச் சுல்தானின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்தியவர் அவர். 1416 வாக்கில் ஈஜியக் கரையில் கலகம் செய்த பொர்க்லூஜெ முஸ்தஃபா என்ற துருக்கியனின் கதை நமக்கு விவரமாகக் கிடைப்பது இவரிடமிருந்துதான். மனைவியைத் தவிர மற்றெல்லாம் பொது, கிறிஸ்தவனும் நம்மவனே என்று பிரசங்கம் செய்தவன். ஒட்டகத்தின் மேல் சிலுவையில் அறைந்து ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். அவனைப் பற்றி எழுதும்போது தூகாஸின் குரல் தணிந்துவிடுகிறது. அரசனை வெறுப்பவன் அந்த அரசனுடைய ஜனங்களைப் பார்க்கத் தெரிந்தவனாக இருக்கலாம் என்பதற்கு இது போதும். அவருடைய சரித்திரம் 1462இல் மெஹ்மெத் லெஸ்போஸை முற்றுகையிடும் இடத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவில், நின்றுவிடுகிறது.

ஸ்ஃப்ராண்ட்ஸெஸ் விஷயத்துக்கு வருகிறேன். நகரம் விழுந்தபோது இவரும் பிடிபட்டார். மீட்புப்பணம் கொடுத்து வெளியே வந்து பெலொப்பனீஸுக்குப் போனார். மனைவியும் குழந்தைகளும் சுல்தானின் குதிரைலாயத் தலைவன் கைக்குப் போயிருந்தார்கள். அவனிடமிருந்து குழந்தைகளைச் சுல்தான் எடுத்துக்கொண்டான். மனைவியைப் பிற்பாடு மீட்க முடிந்தது. 1453 டிசம்பரில் மகன் யோவான் கொல்லப்பட்டான். சுல்தானைக் கொல்லச் சதி செய்தான் என்பது குற்றச்சாட்டு. 1455இல் மகள் தமார் அந்தப்புரத்தில் தொற்றுநோயில் இறந்தாள். இதை ஸ்ஃப்ராண்ட்ஸெஸ் எழுதும் விதம்தான் முக்கியம். மாதத்தைக் குறிக்கிறார், நடந்ததைச் சொல்கிறார், குழந்தையின் வயதை வருஷம் மாதம் என்று கணக்கிட்டு எழுதுகிறார், அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறார். தன் மேல் ஓரிரு வார்த்தை புலம்பல். அவ்வளவுதான்.

நாள் பூராவும் பேரேட்டில் பதிவு எழுதிப் பிழைக்கிறவன் நான். பதிவு எழுதும் கை எதையும் உணர்வதில்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஸ்ஃப்ராண்ட்ஸெஸைப் படித்த பிறகு எனக்கு அந்த நிச்சயம் போய்விட்டது. பதினான்கு வருஷமும் இத்தனை மாதமும் என்று கணக்கெழுதும் தகப்பனின் கை வேறு எதைத்தான் செய்திருக்க முடியும்.

இதற்கு ஒரு விசித்திரமான பின்கதை உண்டு. ஸ்ஃப்ராண்ட்ஸெஸ் பெயரில் இரண்டு நூல்கள் இருக்கின்றன, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. நெடுங்காலம் எல்லாரும் பெரியதையே படித்தார்கள். முற்றுகையின் ஒவ்வொரு நாளும், சக்கரவர்த்தியின் கடைசிச் சொற்பொழிவும், வீரமும் கண்ணீரும் எல்லாம் அதில் இருக்கின்றன. அது 16ஆம் நூற்றாண்டில் மகாரியோஸ் மெலிஸ்ஸெனோஸ் என்ற மேற்றிராணியார் ஊதிப் பெருக்கியது என்று 20ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியில்தான் நிலைநாட்டினார்கள். அசல் நூலில் முற்றுகைக்கு இருப்பது சில வரிகள். போலி எழுத்தாளனுக்கு அந்தச் சில வரிகள் போதவில்லை. தன் கண்ணால் பார்க்காத துக்கத்துக்கு அலங்காரம் வேண்டியிருந்தது. இலக்கிய விமர்சனத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஸ்ஃப்ராண்ட்ஸெஸுக்கு மெஹ்மெத்தின் சுபாவம் தேவைப்படவே இல்லை. அவன் தத்துவம் படித்தானா, அந்திக்கிறிஸ்துவா, இதெல்லாம் அவருக்குப் பிரச்னையே அல்ல. இன்ன மாதம் இன்னது செய்தான். அந்தச் செயல் அப்படியே அவர் பக்கத்தில் நிற்கிறது, வேறு எந்தச் செயலோடும் சேர்த்துக் கூட்டப்படாமல்.

நான் சொல்ல வருவது இதுதான். மெஹ்மெத்தைப் பற்றிய சாட்சியங்கள் ஒன்றையொன்று மறுப்பதாக நமக்குத் தோன்றுவது, அவற்றைக் கூட்டி ஒரு ஆளைச் செய்ய நாம் ஆசைப்படுவதால். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை மறுக்கவில்லை. துறவிகளுக்குச் சாசனம் கொடுத்தது உண்மை. அரசனுக்குக் கொடுத்த சாசனம் கிழிந்ததும் உண்மை. துறவிகளின் கணக்கில் வரவு வைத்ததைக் கொண்டு அரசனின் கணக்கில் உள்ள பற்றைக் கழிக்க முடியாது. எந்த ஆபீஸிலும் அப்படிச் செய்தால் மோசடி என்பார்கள். சரித்திரத்தில் மட்டும் அதற்குச் சீர்தூக்கிப் பார்த்தல் என்று பெயர். அரசனுடைய மொத்த மதிப்பு என்ன என்ற கேள்வியே அரசவையில் பிறந்த கேள்வி. மொத்தம் போட்டுவிட்டால் எந்தக் கொலையும் ஒரு சிறு தொகையாகிவிடும்.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆளப்படுகிறவன் கூட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அவனுக்கு ஒரு எஜமானனுக்குப் பதில் இன்னொருவன், ஒரு வரிக்குப் பதில் இன்னொன்று. ஸ்தெஃபான் தொமாஷெவிச் தன் அழிவுக்கு முன் போப்பாண்டவருக்குத் தெரிவித்த முறையீடு இரண்டாம் பயஸின் நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. துருக்கியர்கள் குடியானவர்களோடு இனிமையாகப் பேசுகிறார்கள், தங்கள் பக்கம் வந்தால் விடுதலை என்கிறார்கள், அறியாத ஜனங்கள் அந்த வஞ்சகத்தைப் புரிந்துகொள்ளாமல் நம்புகிறார்கள் என்பது அதன் சாரம். குடியானவன் மெஹ்மெத்தை எப்படிப் பார்த்தான் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் அபூர்வமான சாட்சியம் இது. ஆனால் அதைச் சொல்வது குடியானவன் இல்லை. அவனைக் கண்டு பயந்த அவனுடைய அரசன். இந்தப் பயத்தின் வழியாகத்தான் அவன் முகம் நமக்குக் கொஞ்சம் தெரிகிறது.

அந்த ஜனங்கள் அறியாதவர்களா? பக்கத்துச் செர்பியாவில் துஷான் மன்னனின் சட்டத்தின்படி குடியானவன் வாரத்துக்கு 2 நாள் பிரபுவின் நிலத்தில் இலவசமாக உழைக்க வேண்டும். ஒட்டோமன் விதிகளில் அது வருஷத்துக்கு 3 நாள். ஹலீல் இனால்ஜிக் போன்ற துருக்கிய சரித்திராசிரியர்கள் இந்த ஒப்பீட்டைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவார்கள். சுட்டிக்காட்ட வேண்டியதுதான். இடுப்பு ஒடிய உழுதவனுக்கு வாரத்துக்கும் வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் தத்துவப் பிரச்னை அல்ல. ஆனால் அதே விதிகளின் உலகத்தில்தான் கிறிஸ்தவக் குடியானவனின் பையனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் மதம் மாற்றிச் சுல்தானின் அடிமைப் படையாளாக்கும் முறையும் இருந்தது. வருஷத்துக்கு மிச்சமான நூறு நாள் உழைப்புக்கு ஒரு பையன் என்று யாராவது விலை போட முடியுமா? குடியானவன் போட்டிருப்பான், போட வேண்டிய கட்டாயம் அவனுக்கு. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவன் போட்ட கணக்கை நம் கணக்காக எடுத்து எழுதி, ஆகவே ஆட்சி நல்லது என்று அடியில் கோடு போட நமக்கு அதிகாரமும் இல்லை.

பொறுக்கி எடுக்கப்பட்ட பையன் ஒருவன் எழுதியும் இருக்கிறான். கொன்ஸ்தந்தீன் மிஹாய்லொவிச், வெள்ளிச் சுரங்கங்கள் இருந்த நோவோ ப்ர்தோ நகரத்தை ஒட்டிய ஊர்க்காரன். 1455இல் அந்த நகரம் சரணடைந்தபோது பிரித்து எடுக்கப்பட்ட 320 பையன்களில் இவனும் இவன் சகோதரர்களும் சேர்த்தி. வழியில் சில பையன்கள் ராத்திரி காவல்காரர்களைக் கொன்றுவிட்டு ஓடத் திட்டமிட்டார்கள்; ஓடியவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பிறகு ஏழெட்டு வருஷம் மெஹ்மெத்தின் படையோடு திரிந்தான். 1461இல் ட்ரெபிஸாந்துக்கு மலைப்பாதையில் மழையிலும் சேற்றிலும் போன கஷ்டம், மறுவருஷம் வலாக்கியாவில் வ்லாத் அரசனைத் துரத்திக்கொண்டு டான்யூபைக் கடந்தது எல்லாம் அவன் எழுத்தில் இருக்கிறது. 1463இல் ஹங்கேரியர்கள் கையில் பிடிபட்டு, அதாவது அவன் பார்வையில் விடுதலையாகி, அந்த நூற்றாண்டின் கடைசியில் போலந்தில் உட்கார்ந்து தன் நினைவுகளை எழுதினான்.

இவன் எழுத்தில் மெஹ்மெத் வஞ்சகன். போஸ்னியத் தூதர்கள் 15 வருஷச் சமாதானம் கேட்டு வந்திருந்தபோது, சமாதானத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே படையை அனுப்புவது என்று இரண்டு பாஷாக்கள் பேசியதை ஒளிந்திருந்து கேட்டதாகவும், தூதர்களிடம் போய் எச்சரித்ததாகவும், அவர்கள் நம்பாமல் போனதாகவும் சொல்கிறான். அதே பக்கங்களில் ஒட்டோமன் ஒழுங்கை வியக்கவும் வியக்கிறான். படை போகும் வழியில் பயிரை மிதிக்கக் கூடாது, குடியானவனிடம் காசு கொடுக்காமல் எதையும் எடுக்கக் கூடாது, சம்பளம் தவறாது. ஹங்கேரி, போலந்து அரசர்கள் படித்து உத்வேகம் பெற்று இந்தச் சுல்தான்களை அழிக்க வேண்டும் என்பதற்காக எழுதிய புத்தகம் இது. ஆகவே இந்தப் புகழ்ச்சியில் கூஜா தூக்குதல் இல்லை. நன்றியும் இல்லை. தன்னைத் திருடிக்கொண்டு போன இயந்திரத்தின் பற்சக்கரங்களைத் திருடப்பட்டவன் துல்லியமாகப் பார்த்து வைத்திருக்கிறான். அடிபட்டவனுக்குத்தான் தெரியும் என்ற விடை இந்த அளவுக்கு உண்மைதான். ஆனால் அடிபட்டவனுக்குத் தெரிவது அடி மட்டுமல்ல என்பதை அந்த விடையைச் சொல்கிறவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

தூரத்திலிருந்து பார்த்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தூரம் தெளிவைக் கொடுக்கும் என்பது ஒரு மூடநம்பிக்கை. ரோமிலிருந்து இரண்டாம் பயஸ் 1461இல் மெஹ்மெத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்: கொஞ்சம் ஞானஸ்நானத் தண்ணீர் போதும், கிழக்கின் சக்கரவர்த்தி என்று நானே உன்னை ஒப்புக்கொள்கிறேன் என்பது விஷயம். அனுப்பப்பட்டதற்குத் தடயம் இல்லை. அதே ரோமில் வசித்த கிரேக்கப் பண்டிதர் ட்ரெபிஸாந்தின் ஜார்ஜ், நீயே ரோமானியர்களின் சட்டபூர்வமான சக்கரவர்த்தி என்று 1466இல் மெஹ்மெத்துக்குக் கடிதம் எழுதிச் சில மாதம் போப்பின் சிறையில் இருந்தார். இரண்டு பேருக்கும் தேவை உலகத்தை ஒன்றாக்கும் ஒரு ஆள். இஸ்தான்புல்லில் ஒருவன் அந்த உத்தியோகத்துக்குப் பொருத்தமாக இருப்பதாகப் பட்டது. ரகூஸாவின் வியாபாரிகள் இவர்களைவிடத் தேவலை. 1458இல் வருஷக் கப்பம் 1,500 டுகாட் என்று ஒப்பந்தம் செய்தார்கள்; மெஹ்மெத்தின் காலம் முடிவதற்குள் அது 10,000ஐத் தாண்டிவிட்டது. சுல்தானைப் பற்றி அவர்களுக்கு இருந்த அபிப்பிராயம் அந்தத் தொகைதான். 1480இல் ஒட்ரான்டோவில் அவன் படை தலைவெட்டிய சுமார் 800 பேரை 2013இல் போப் ஃப்ரான்ஸிஸ் புனிதர்களாக அறிவித்தார். மறுவருஷம், 1481இல், மெஹ்மெத் இறந்த செய்தி வந்தபோது இத்தாலியில் மணி அடித்துக் கொண்டாடினார்கள்.

கொண்டாடியது இத்தாலி மட்டுமல்ல என்பதுதான் வேடிக்கை. அனடோலியாவின் தர்வேஷ்களும் பழைய நிலக்காரக் குடும்பங்களும் பெருமூச்சு விட்டார்கள். அறக்கட்டளை நிலங்களையும் தனியார் நிலங்களையும் பறித்துப் படைச் செலவுக்குத் திருப்பியவன் அவன். அடுத்து வந்த மகன் பாயெஸித் அவற்றில் பலவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளில் வந்து குடியேறுங்கள், வீடு உங்களுக்கே என்று சொல்லி ஜனங்களை வரவழைத்துவிட்டுப் பிற்பாடு அந்த வீடுகளுக்கு வாடகை கேட்டதை ஆஷிக்பாஷாஸாதே என்ற துருக்கியச் சரித்திரக்காரர் கசப்போடு எழுதுகிறார். அவரும் பழியைச் சுல்தான் மேல் போடவில்லை, கிரேக்க வம்சத்து மந்திரி ஒருவன் மேல் போடுகிறார். கிரேக்கரான கிரிதோவுலோஸ் செய்ததும் இதுதானே. அரசன் நல்லவன், பக்கத்திலிருப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்ற வாக்கியத்துக்கு மதமும் மொழியும் கிடையாது.

ஆஷிக்பாஷாஸாதேயிடம் இன்னொரு காட்சி இருக்கிறது. ட்ரெபிஸாந்துக்குப் போகும் மலைப்பாதையில், கிழக்கே எதிரியாக வளர்ந்துகொண்டிருந்த ஊஸுன் ஹஸனின் தாய் ஸாரா காத்தூன் மெஹ்மெத்தோடு கூடவே போகிறாள். பாதி விருந்தாளி, பாதி பணயம். ட்ரெபிஸாந்தின் மருமகள் அவள் மகன் வீட்டில் இருக்கிறாள். சுல்தான் குதிரையை விட்டிறங்கி நடந்து போவதைப் பார்த்து, மகனே, ஒரு ட்ரெபிஸாந்துக்காக இவ்வளவு பாடா என்கிறாள். தாயே, இந்தப் பாடு அதற்காக அல்ல, மார்க்கத்தின் வாள் நம் கையில் இருக்கிறது என்கிற ரீதியில் அவன் பதில் சொல்கிறான். தாயே என்று அழைத்துக்கொண்டே அவள் சம்பந்தி வீட்டை முடித்துவிடுகிறான். அந்த மரியாதை நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் சமாளித்துவிடலாம்.

கடைசியில் நான் கிரிதோவுலோஸிடம்தான் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் சண்டை அவரோடுதான். தூகாஸோடு எனக்குச் சண்டை இல்லை, ஸ்ஃப்ராண்ட்ஸெஸ் முன்னால் வாயே இல்லை.

1453இல் நகரம் விழுந்த செய்தி இம்ப்ரோஸுக்கு வந்தபோது சக்கரவர்த்தியின் அதிகாரிகள் கப்பலேறி ஓடினார்கள். ஜனங்களும் ஓடத் தயாரானார்கள். கிரிதோவுலோஸ் அவர்களை நிறுத்தினார். கல்லிப்பொலியில் இருந்த ஒட்டோமன் கடற்படைத் தலைவனுக்கு ஆளனுப்பி, காணிக்கை கொடுத்து, படை வராமல் தடுத்தார். இம்ப்ரோஸ், லெம்னோஸ், தாஸோஸ் மூன்று தீவுகளும் கொள்ளை போகாமல் தப்பின. 1456இல் சுல்தான் அவரையே இம்ப்ரோஸின் கவர்னராக்கினான். இந்த மனிதனைத் துரோகி என்று சொல்ல, தன் தீவில் ஒரு வீடுகூட எரியாமல் காப்பாற்றிய இன்னொருவன்தான் வர வேண்டும். பேரம் பேசியவரை நான் குறை சொல்லமாட்டேன். குடியானவன் கணக்கைப் போல் அவர் கணக்கும் கட்டாயத்தில் போட்டது. அந்தப் பேரத்தை அவர் சரித்திரமாக எழுதியதுதான் என் சங்கடம். உயிர் பிழைப்பதற்காக அரசன் முன் சொன்ன வார்த்தைகளை, பிழைத்த பிறகு, தனி அறையில், துசிடிடீஸின் நடையைக் கடன் வாங்கி, ஐந்து பாகத்துக்கு எழுதிக்கொண்டே போகிறார்.

அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி செய்தவர் இருக்கிறார். அடிமையாக விற்கப்பட்ட இடத்திலிருந்து மெஹ்மெத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து 1454இல் பேட்ரியார்க் ஆக்கிய கென்னாடியோஸ். சுல்தான் கேட்டுக்கொண்டபடி கிறிஸ்தவ நம்பிக்கையை விளக்கி ஒரு சிறு நூல் எழுதிக்கொடுத்தார், அது துருக்கியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. பதவியை விட்டு மடத்துக்குப் போனபின் தன் வாழ்க்கையின் துயரங்களைப் பற்றி ஒரு புலம்பல் எழுதினார். இரண்டு நூலுக்கும் இரண்டு குரல். இரட்டை வேஷம் என்று இதைச் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். எந்த வார்த்தை யாருக்குச் செலுத்தியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கிரிதோவுலோஸுக்கும் தெரிந்துதான் இருந்தது என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. நூலின் ஆரம்பத்தில், சுல்தானுக்குச் சமர்ப்பணம் செய்த கையோடு, தன் இனத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அஸ்ஸீரியர்களும் பாரசீகர்களும் கிரேக்கர்களும் ரோமானியர்களும் உயர்ந்து தாழ்ந்தார்கள், எந்த ராஜ்யமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, தோற்றது நம் கால முறை என்கிற மாதிரி. கொள்ளையடிக்கப்பட்ட நகரத்தையும் அவர் மறைக்கவில்லை. கொலைகளை எழுதுகிறார், இழுத்துப்போகப்பட்ட பெண்களை எழுதுகிறார், புத்தகங்கள் எரிக்கப்பட்டதையும் மிதிபட்டதையும் எழுதுகிறார். படிப்பது சுல்தான் என்று தெரிந்தே எழுதுகிறார். இது தைரியமா? அல்லது, வென்றவன் கண்ணீர் விட்டான் என்று அடுத்த பத்தியில் சொல்லி அந்தக் கொலைகளையும் அவன் பெருமையில் சேர்த்துவிடுகிற சாமர்த்தியமா? சில நாள் ஒரு மாதிரியும் சில நாள் வேறு மாதிரியும் எனக்குப் படுகிறது. நிச்சயமாகத் தெரிவது ஒன்றுதான். மன்னிப்பு யாரிடம் கேட்டாரோ அவர்கள் அதைப் படிக்கவில்லை. அந்த நூலின் ஒரே கையெழுத்துப் பிரதி சுல்தானின் அரண்மனை நூலகத்தில் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வந்தது.

1466இல் வெனிஸ்காரர்கள் இம்ப்ரோஸைப் பிடித்தார்கள். கிரிதோவுலோஸின் பதவி போயிற்று. கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்துகொண்டு எழுதினார். நூல் 1467ஆம் வருஷத்தோடு முடிகிறது. அந்த வருஷம் பெரிய கொள்ளைநோய். வீடு வீடாகச் சாவு, புதைக்க ஆளில்லை, பிழைத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள், எந்த மருந்தும் கேட்கவில்லை. இதுவும் துசிடிடீஸைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் அந்தப் பக்கங்களில் சுல்தான் நகரத்தில் இல்லை, படையோடு வெளியே இருக்கிறான். குற்றத்தை ஏற்ற ஆலோசகர்களும் இல்லை. துருக்கியன், கிரேக்கன், குடியேற்றிக் கொண்டுவரப்பட்டவன் எல்லாரும் ஒரே வேகத்தில் சாகிறார்கள். யாரைக் காப்பாற்றவும் அந்த வாக்கியங்கள் வளைய வேண்டியிருக்கவில்லை.